கணபதி மாடி பிசியோ: எட்டு மாதம் ஏறி இறங்கியவன் எழுதுவது

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது படிக்கட்டுக்காக. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

இடத்தின் பெயரை எழுதவில்லை. எழுதட்டுமா என்று கேட்டேன். "வேண்டாங்கய்யா, நான் ஒருத்தி, கூட ஒரு பொண்ணு. காலைல பதினொரு பேருக்கு மேல எங்களால பாக்க முடியாது" என்று அதை நடத்துகிற பிசியோ அம்மிணியே சொல்லிவிட்டார். கோவை கணபதியில் கீழே பேக்கரி, மேலே பிசியோ. அவ்வளவு போதும், தேங்காய் பன் வாசனையைப் பிடித்துக்கொண்டே வந்துவிடலாம். இதை வலது கை ஆட்காட்டி விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் அந்த விரலைத் திட்டுங்கள்.

எனக்கு வயது 57. லேத் பட்டறை வைத்திருக்கிறேன், பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற வேலை. போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கையில் இருந்த மைக்ரோமீட்டர், ஷாஃப்ட்டை அளக்கிற கருவி, தானாக நழுவி விழுந்தது. முப்பது வருஷத்தில் ஒருநாளும் அதை நான் கீழே போட்டதில்லை. "அண்ணே, வாய் கோணுது" என்று பையன் ஒருத்தன் கத்தியதுதான் என் அதிர்ஷ்டம். வந்தது பக்கவாதம். நாலரை மணி நேரத்துக்குள் போனால்தான் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட முடியும். நாங்கள் ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் போய்விட்டோம். உயிர் தப்பியது, பேச்சு கொஞ்சம் குழறலோடு நின்றது. வலது கையும் வலது காலும்தான் நம் பேச்சைக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். பில் மூன்று லட்சத்து அறுபத்திரண்டாயிரம். இன்சூரன்ஸ் கேஷ்லெஸ்ஸில் பெரும்பகுதியைக் கட்டிவிட்டது, அதில் எனக்குக் குறை இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தில் கடைசி வரியில் "தினமும் பிசியோதெரபி" என்று போட்டிருந்தார்கள். ஒன்பது நாள் வைத்தியத்துக்கு எட்டுப் பக்கம், இனி வருஷக்கணக்கில் செய்யவேண்டியதற்கு இரண்டு வார்த்தை. அந்த இரண்டு வார்த்தைக்கு யார் காசு கொடுப்பது என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. வருஷம் முப்பத்தோராயிரம் பிரீமியம் கட்டுகிறவன் அதை யோசிக்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்?

இங்கே இன்சூரன்ஸ் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மாடி பிசியோவின் அருமை அப்போதுதான் புரியும்.

நம் ஊர் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலோடு கட்டிப்போட்ட சமாச்சாரம். படுத்தால் பணம் வரும். எழுந்து வந்த பிறகான செலவுக்கு ஒரு கெடு வைத்திருப்பார்கள். என் பாலிசியில் டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து 60 நாள், சில பாலிசிகளில் 90, சிலவற்றில் 180. அதற்குமேல் நீங்கள் வெளிநோயாளி, பிசியோ உங்கள் சொந்தக் காசு. சரி, மறுபடி எங்காவது அட்மிட் ஆகித் தெரபி எடுத்துக்கொள்ளலாமே என்று என் மச்சான் யோசனை சொன்னார். பாலிசிப் புத்தகத்தைப் புரட்டினால், எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விலக்குப் பட்டியலில் ஐந்தாம் எண்ணாக "ரெஸ்ட் க்யூர், ரீஹேபிலிடேஷன், ரெஸ்பைட் கேர்" என்று தலைப்பே போட்டிருக்கிறது. சிகிச்சை என்று இல்லாமல் ஓய்வுக்கும் பராமரிப்புக்கும் படுத்தால் கிடையாது என்பதுதான் அதன் சாரம். ஆனால் அந்தத் தலைப்பில் ரீஹேபிலிடேஷன் என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு கம்பெனிக்காகக் கிளெய்மைப் பார்க்கிற எந்த டிபிஏ ஆளும் நமக்காக வாதாடப் போவதில்லை.

மூளை இந்த 60 நாள் கணக்கைப் பார்த்து வேலை செய்வதில்லை. முதல் மூன்று மாதத்தில்தான் மீட்சி வேகமாக இருக்கும், அப்புறம் மெதுவாக, ஆனால் நிற்காமல் நடக்கும் என்றார் நியூராலஜிஸ்ட். வேகமான காலத்தின் நடுவிலேயே என் பாலிசி கதவைச் சாத்திவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. என் பட்டறைப் பையன்கள் எல்லோருக்கும் இ.எஸ்.ஐ. இருக்கிறது. சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு அது உண்டு, அவர்கள் பங்கு 0.75 சதவீதம், என் பங்கு 3.25. சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பு இல்லை, வெளிநோயாளியாகப் போனாலும் உண்டு, சிங்காநல்லூரில் பெரிய ஆஸ்பத்திரியே இருக்கிறது. மாசாமாசம் சலானைக் கட்டும்போது முனகிக்கொண்டே கட்டியவன் நான். முதலாளிக்கு அது கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டுக்கு வருஷ வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும், அதிலும் நான் வரமாட்டேன். நடுவில் மாட்டிக்கொண்ட ஜாதி.

அந்த முதல் 60 நாளில் நான் என்ன செய்தேன் என்றால், ஆஸ்பத்திரியில் கைகாட்டிய ஒரு வீட்டுச்சேவைக்காரர்களைப் பிடித்தேன். ஒரு தடவைக்கு 700 ரூபாய். ஒரு தம்பி வருவார், கரன்ட் மிஷினை மாட்டுவார், இருபது நிமிஷம் கை துள்ளும், அவர் செல்போன் பார்ப்பார். அப்புறம் என் கையைப் பிடித்து மேலே கீழே, மேலே கீழே. முடிந்ததும் "நல்லா இம்ப்ரூவ்மென்ட் இருக்குங் சார்" என்பார். 26 தடவை, 18,200 ரூபாய். கை அவர் தூக்கினால் தூக்கியது, விட்டால் விழுந்தது. அந்தத் தம்பி கெட்டவர் இல்லை. ஒரு நாளைக்கு எட்டு வீடு ஓடுகிறவர் வேறு என்ன செய்வார்?

கிளெய்ம் போட்டேன். "வீட்டில் எடுத்த சிகிச்சை" என்று ஒரே வரியில் நிராகரித்தார்கள். விடவில்லை. நியூராலஜிஸ்டிடம் ஒரு கடிதம் வாங்கினேன். அட்மிட் ஆன அதே நோய்க்குத்தான் இந்தத் தெரபி, வாரத்துக்கு இத்தனை தடவை, இந்தத் தேதியிலிருந்து, நோயாளியால் வெளியே வர முடியாது என்று அதில் தெளிவாக இருந்தது. பாலிசியில் 60 நாள் பற்றிய ஷரத்தை அப்படியே எடுத்து எழுதி, கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்பினேன். 30 நாளில் பதில் இல்லையென்றால், அல்லது பதில் சரியில்லையென்றால், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில், கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். அதையும் கடிதத்தின் அடியில் ஒரு வரி எழுதிவைத்தேன். 15,400 வந்தது. நாலு தடவை வேறு ஆள் மாற்றி வந்திருந்தார், அந்த பில்களில் பதிவு எண் இல்லை, அதனால் 2,800 போயிற்று. பில்லில் தெரபிஸ்ட் பெயர், பதிவு எண், தேதி, கையெழுத்து நாலும் இருக்கிறதா என்று அன்றன்றே பாருங்கள். அப்புறம் தேடினால் ஆளே மாறியிருப்பார்.

கெடு முடிந்து நாலாம் நாள் மாடி ஏறினேன். ஏறினேன் என்ன, ஏற்றினார்கள்.

அம்மிணி என் கையைத் தொடவில்லை. கரன்ட் மிஷின் மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. உட்காரவைத்து முதலில் கேட்டது: "ஐயா, இதுக்கு எவ்வளவு பணம் ஒதுக்க முடியும்? உண்மையைச் சொல்லுங்க." யாரும் கேட்காத கேள்வி. நாற்பதாயிரம், அதற்குமேல் பட்டறைக் கடன் இடிக்கும் என்றேன். இரண்டாவது கேள்வி: "கை வந்தா முதல்ல என்ன செய்யணும்?" லேத் ஓட்டணும் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். "கையால சாப்பிடணும்" என்று வந்தது.

அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு கல்யாணம். பந்தியில் இடது கையால் ஸ்பூன் பிடித்து உட்கார்ந்தேன். எதிர்வரிசையில் ஒரு குழந்தை, "தாத்தா ஏன் அந்தக் கையில சாப்பிடறாரு?" என்று அம்மாவிடம் கேட்டது. பாயசத்துக்குக் காத்திராமல் எழுந்துவிட்டேன்.

ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் அம்மிணி கணக்குப் போட்டார். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு ஐந்து நாள், அடுத்த ஆறு வாரம் மூன்று நாள், அதன் பிறகு பன்னிரண்டு வாரம் வாரம் ஒருமுறை, கடைசிப் பன்னிரண்டு வாரம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மொத்தம் 46 தடவை, தடவைக்கு 350, ஆக 16,100. மீதிப் பணத்தைக் கணுக்கால் பட்டைக்கும் ஆட்டோவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். முன்னால் 26 தடவைக்கு நான் கொடுத்ததைவிடக் குறைவு. "இங்க வர்றது கத்துக்கறதுக்கு. செய்யறது வீட்ல" என்றார். எனக்கு அது உடனே புரிந்தது. பட்டறையில் புதுப் பையனின் கையைப் பிடித்து நான் ஹேண்டிலைச் சுற்றினால் அவன் பத்து வருஷமானாலும் கற்கமாட்டான். அவன் சுற்றி, டூல் உடைந்து, நான் திட்டி, மறுபடி சுற்ற வேண்டும். வீட்டுக்கு வந்த தம்பி என் கையைப் பிடித்து ஹேண்டில் சுற்றிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

இங்கே நேரக்கணக்கு கிடையாது, எண்ணிக்கைதான். 2009-இல் வெளியான ஒரு ஆய்வில் தெரபி அறைகளில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்களாம். ஒரு தடவையில் நோயாளி தன் கையால் உருப்படியாக ஒரு வேலையைச் செய்தது சராசரியாக 32 முறை. விலங்குகளை வைத்துச் செய்த சோதனைகளில் மூளை மாறுவதற்கு நூற்றுக்கணக்கில் வேண்டியிருந்தது. "முப்பத்திரண்டு எங்க, முந்நூறு எங்க? அதை எந்த இன்சூரன்ஸும் குடுக்காதுங்கய்யா" என்றார் அம்மிணி. என் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தார்.

வீட்டுப்பாடம் எல்லாம் வீட்டில் இருந்த சாமான்தான். நான் பட்டறைக்காரன் என்பதால் எனக்கு நட்டும் போல்ட்டும். முதலில் பெரிய எம்-20 நட்டை போல்ட்டில் ஏற்றி இறக்குவது, ஒரு வேளைக்கு இருபது, நாளைக்கு மூன்று வேளை. அது கைவந்ததும் அதைவிடச் சின்ன எம்-12, அப்புறம் எம்-8. எம்-6 வரும்போது கண்ணில் நீர் வந்தது. உணர்ச்சியில் இல்லை, எரிச்சலில். துணிக்கிளிப், டம்ளரிலிருந்து டம்ளருக்குத் துவரம்பருப்பு, கதவுத் தாழ்ப்பாள். என் வீட்டம்மா ஒவ்வொன்றுக்கும் நோட்டில் கோடு போடுவார். நான் பொய்க்கணக்குச் சொன்னால், "ஏனுங்க, நான் பாத்துட்டுத்தான் இருக்கேன்" என்று ஒரு குரல் சமையலறையிலிருந்து வரும்.

சாப்பாட்டுக்குத் தனிப் பாடம். முதலில் கோதுமை மாவு உருண்டை பிடித்தல். அப்புறம் இட்லியைப் பிட்டு வாய்வரை கொண்டுபோவது, முழங்கை தூக்காமல், தலையைக் கீழே கொண்டுவராமல். அப்புறம் தயிர்சாதம், சாம்பார்சாதம். ரசம்சாதம் கடைசி. வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். ரசம்சாதத்தை விரலிடுக்கில் ஒழுகாமல் பிடிக்க ஐந்து விரலும் ஒன்றோடொன்று பேச வேண்டும். இந்த வரிசையை எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள் என்று கேட்டேன். "எங்க அப்பத்தாகிட்ட" என்றார். அவருக்கும் வாதம் வந்திருந்ததாம்.

கண்ணாடி வைத்தியமும் உண்டு. மேசை மேல் கண்ணாடியை நிறுத்தி, வராத கையை அதன் பின்னால் மறைத்து, நல்ல கையை முன்னால் அசைத்தால், கண்ணுக்கு இரண்டு கையும் அசைவதுபோல் தெரியும். சென்னை ஸ்டான்லியில் டாக்டருக்குப் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் கை இழந்தவர்களின் வலிக்குக் கண்டுபிடித்த வழி இது. பிறகு 1999-இல் பக்கவாதம் வந்த ஒன்பது பேரிடம் அவரும் கூட்டாளிகளும் முயன்று பார்த்தார்கள். எங்கள் வீட்டில் பழைய பீரோவின் கண்ணாடியைக் கழற்றிப் பயன்படுத்தினோம். முதல் நாள் ஏமாற்று வித்தை மாதிரி இருந்தது. மூன்றாவது வாரம் கண்ணாடிக்குப் பின்னால் சுண்டுவிரல் நிஜமாகவே அசைந்தது, அதை வீட்டம்மாதான் முதலில் பார்த்தார்.

ஐந்தாவது மாதம் நல்ல கைக்கு உறை போட்டார்கள். மணிக்கட்டும் ஒன்றிரண்டு விரலும் தானாகக் கொஞ்சமாவது நிமிர்ந்தால்தான் இது சரிப்படும், எல்லோருக்கும் இல்லை. இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி இடது கையைக் கட்டிவைத்துவிட்டு வலது கையாலேயே எல்லாம் செய்ய வேண்டும். முறையாகச் செய்யும் இடங்களில் அதோடு சேர்த்துத் தினமும் பல மணி நேரம் தெரபி கொடுப்பார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லாததால் அம்மிணி அதைச் சுருக்கிக் காலை மூன்று மணி நேரம் என்று வைத்தார். உறைக்குப் பட்டறை வெல்டிங் கிளவுஸ். அந்த இரண்டு வாரம் என்னோடு குடித்தனம் செய்தவருக்குத் தனியாக ஐந்து நட்சத்திரம் கொடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்தது அம்மிணியின் நேர்மை. "அப்ப வீட்டுக்காரங்களுக்குச் சொல்லிக் குடுத்தாலே போதுமே, நீங்க எதுக்கு?" என்று ஒருநாள் வம்புக்குக் கேட்டேன். அதை இந்தியாவிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்றார். 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள், 2017-இல் முடிவு வெளியானது. ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு, இன்னொரு பாதிக்குக் கூடுதலாகக் குடும்பத்தாருக்குப் பயிற்சி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இறந்தவர்களும் பிறரை நம்பி இருப்பவர்களும் சேர்த்து இரண்டு பக்கமும் 47 சதவீதம். வித்தியாசமே இல்லை. "அதனாலதான் வாரம் ஒருக்கா வந்து காட்டச் சொல்றேன். நோட்டைப் பாத்து அடுத்த பாடத்தை மாத்தலைன்னா, வீட்ல தப்பையே முந்நூறு தடவை செய்வீங்க."

உண்மைதான். என் தம்பி என்னைக் கட்டிலிலிருந்து எழுப்ப வலது கையைப் பிடித்து இழுப்பான், பாசத்தில். தோள்மூட்டு இறங்கி ராத்திரியெல்லாம் குடைச்சல். அதை அம்மிணி பார்த்த உடனே கண்டுபிடித்தார். இடுப்பில் பழைய வேட்டியை மடித்துக் கட்டி அதைப் பிடித்துத் தூக்கச் சொன்னார். வாதம் வந்தவரின் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். இதை என் சொந்தபந்தம் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டேன்.

இடையில் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆட்களும் வந்தார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோவும் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாது, பிரஷர் மாத்திரை கொடுப்பார்கள் என்று மட்டும் நினைத்திருந்தேன். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தோம். மாதம் ஒருமுறை ஒரு பெண் வந்து நடையைப் பார்த்தார், ஒரு பைசா வாங்கவில்லை. நம் நோட்டைக் காட்டினோம், அவரும் அதிலேயே எழுதினார். அம்மிணிக்கு அதில் கௌரவப் பிரச்சினை எதுவும் இல்லை. இன்னொரு ஆள் கண் பட்டால் நல்லதுதான் என்றார்.

குறைகள். பேச்சுப் பயிற்சிக்கு அங்கே ஆள் கிடையாது, வேறு இடம் பார்க்க வேண்டும். பில் கேட்டால்தான் வரும். எட்டரை மணி என்றால் ஒன்பதே கால் ஆகும். மின்விசிறி ஒன்று கடகடவென்று ஆடும், பேரிங் போயிருக்கிறது, காதுள்ளவன் உட்கார முடியாது. கால் நன்றாக விழுந்துபோனவர்கள், ஆளைத் தூக்க இரண்டு பேர் இல்லாதவர்கள் இங்கே வர வழியில்லை. அவர்களுக்கு வீட்டுச்சேவைதான். அதில் வருகிறவரிடம் மிஷினை மூடிவைத்துவிட்டு வீட்டுப்பாடம் கேளுங்கள்.

படிக்கட்டு. மொத்தம் பதினேழு படி, ஏறும்போது வலப்பக்கம் மட்டும் கைப்பிடி. வலது கை போனவன் எதைப் பிடிப்பான்? இறங்கும்போது அது இடப்பக்கம் வந்துவிடும், பிரச்சினை இல்லை. ஏறும்போது சுவரைத் தடவிக்கொண்டு ஏற வேண்டும். ஒன்பதாவது படியில் ஒருநாள் முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன், பேக்கரிப் பையன்தான் ஓடிவந்து பிடித்தான். பக்கவாதக்காரர்கள் வருகிற இடத்தில் இது தப்பு என்று அம்மிணியிடம் கோபமாகவே சொன்னேன். கட்டட உரிமையாளர் சுவரில் ஓட்டை போட விடமாட்டேன் என்கிறாராம்.

போன மாதம் நானே உரிமையாளரிடம் பேசினேன். அவருடைய மோட்டார் ஷாஃப்ட்டை ஒரு காலத்தில் நம் பட்டறையில்தான் சரிசெய்தோம். சுவரைத் தொடாமல், படியிலேயே கால் ஊன்றி நிற்கிற மாதிரி ஒன்றேகால் அங்குல ஜி.ஐ. பைப்பில் இடப்பக்கம் ஒரு கைப்பிடி செய்து மாட்டினோம். அளவெடுத்தது நான், டேப்பின் நுனியைப் பிடித்தது வலது கை. இப்போது இரண்டு பக்கமும் பிடி இருக்கிறது, ஆனாலும் பதினேழு படி பதினேழு படிதான், லிஃப்ட் இல்லை. அதனால் நட்சத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மூன்றாவது படிக்குப் பக்கத்தில் ஒரு வெல்டிங் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும், பார்த்துப் பிடியுங்கள். தேய்த்துவிடச் சொல்லியிருக்கிறேன்.